நைனா வாயிலிருந்த முட்டை

என் தகப்பனின் வாயிலிருந்து முட்டையைப் பிடுங்கியவன் நான்.

பேச்சுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே பிடுங்கினேன். பாதி கடித்த அவித்த முட்டை. மீதிப் பாதியை அவர் விரல்களிலிருந்து பறித்தேன். கடித்த பாதியை, வாய்க்குள் என் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். எழுபதைத் தாண்டிய கிழவர், முன்பற்கள் இல்லாதவர். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை... வாயைத் திறந்து கொடுத்தார்!

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். திறந்து கொடுத்தாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மனைவி சாந்தியிடம் பாதி சொன்னேன். அந்தப் பாதியும் என் பக்கத்து நியாயம்தான். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். காந்தி ரோட்டில் எதிரெதிரே நடந்தாலும் இவன்தான் அவன் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு தைரியம்தான் எனக்கு. கோழையின் தைரியம்!

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. இருபது வருடமாகத் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்து விரிக்கிறேன், மடிக்கிறேன், பேசுகிறேன். அதில் பேச்சுதான் முக்கியம். "ஜரிகை அசல்தானே?" என்று ஒருவர் கேட்டால் "அசல்" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவன் இந்தத் தொழிலில் தேற மாட்டான். ஜரிகை அசல், சாயம் இறங்காது, உங்கள் பேத்தி கல்யாணத்துக்கும் இதே பளபளப்பு இருக்கும் என்று கேட்காததையும் சேர்த்து மடியில் போட வேண்டும். முகத்தில் சந்தேகம் எழும் முன்பே பதிலை நீட்டிவிட வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் அப்பனைத் தின்றது.

நாங்கள் தாமல் பக்கத்து ஆட்கள். ஏரிக்குக் கீழே, ஊரைவிட்டுத் தள்ளி ஒரு தெரு. தள்ளி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும், மேலே விளக்க வேண்டாம். நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார், வரப்பு கழித்தார். ஏரி வற்றுகிற மாதங்களில் விராலும் கெளுத்தியும் பிடித்து வந்தார். வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு, மீன்வாசம் இல்லாத நாள் குறைவு. மழைக்காலத்துக்குக் கருவாடு. கூலி கிடைத்த ஞாயிறு கறி. ஒன்றுமில்லை என்றால் வீட்டுக் கோழியின் முட்டை. அப்படி வளர்ந்த உடம்புதான் நைனாவுடையது. நான் படித்ததும் அந்த உடம்பின் உழைப்பில்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மகளின் பள்ளிக்கூடம் பக்கம், நல்ல தண்ணீர் என்றெல்லாம் சாந்தியிடம் காரணம் அடுக்கினேன். உண்மைக் காரணம் வேறு. கடையில் யாராவது "வீடு எங்கப்பா?" என்று கேட்டால் அந்தத் தெருவின் பெயரைச் சொல்ல ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்... வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா மட்டும் தனியாக இருந்தார். கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கவிச்சி சமைப்பீங்களாப்பா?"

"இல்லைம்மா" என்று நிறுத்தியிருக்கலாம். வீட்டில் சமைக்காமல் இருந்தால் அது பொய்கூட ஆகியிருக்காது. ஆனால் என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "நாங்க பரம்பரையா சுத்த சைவம்மா. முட்டையக்கூடத் தொட மாட்டோம்!" என்றேன்.

"முட்டைய நான் கேக்கவே இல்லியேப்பா" என்று சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார்.

அந்தச் சிரிப்பை எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். முட்டையை அவர் கேட்கவில்லை... கேட்கவே இல்லை!

நாங்கள் சமாளித்தோம். நானும் சாந்தியும் மகளும் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஏலக்காயை மென்றபடி சைவர்களாகத் திரும்பி வருவோம். கால் நன்றாக இருக்கிறவனுக்குப் பொய் சொல்வது எளிது. வேண்டியதை வெளியே போய்த் தின்றுவிட்டு வரலாம்.

பிறகு ஊரில் என் அம்மா போய்ச் சேர்ந்தாள். நைனாவைத் தனியே விட முடியாது என்று அழைத்து வந்தேன். பைக்கின் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் சொன்னேன்: "நைனா, அங்க கவிச்சி கெடயாது. யாராச்சும் கேட்டா சைவம்னு சொல்லிடு."

"யாரு, நானா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் கழித்து, "சரிப்பா. உன் வூடு, நீ சொல்றபடி" என்றார்.

சாந்திக்கு ஒரகடத்துப் பக்கம் கம்பெனி வேலை, ஷிப்ட். காலையில் ரசம் வைத்து, சோற்றைக் குழைய வடித்து வைத்துவிட்டுப் போவாள். பகலில் நைனாவே போட்டுச் சாப்பிட வேண்டும். முதல் மாதம் தட்டு நிறையப் போட்டார். அப்புறம் பாதி. பிறகு ரசத்தை மட்டும் சோற்றில் ஊற்றிக் கரைத்து இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். "பசியில்லப்பா" என்பார். வயசானால் பசி குறையும் என்று நானும் விட்டுவிட்டேன். எவ்வளவு வசதியான ஞானம்!

நீங்கள் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். மீனும் முட்டையும் இல்லாமல் இந்த ஊரில் எத்தனை கிழவர்கள் தொண்ணூறு வயதுவரை நடமாடுகிறார்கள், பருப்பு இல்லையா, சுண்டல் இல்லையா, தயிர் இல்லையா என்று. இருக்கின்றன. இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பல்லில்லாதவருக்குச் சுண்டலை மசிக்க ஒரு கை வேண்டும். பால் குடித்தால் அவருக்கு வயிற்றால் போகும்; அதற்கு மாற்று தேட ஓர் ஆள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் ஒரு வாய் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். நான் அவருடைய சாப்பாட்டை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறெதையும் வைக்கவில்லை. குற்றம் அங்கேதான் இருக்கிறது. சைவத்தின் மேல் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது.

மெலிந்தார். சட்டை தோளிலிருந்து நழுவியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தார். தண்ணீர்க் குடத்தை அனாயாசமாகத் தூக்கிய கை, தண்ணீர்ச் சொம்பைத் தூக்க நடுங்கியது. குதிகாலில் செருப்பு கடித்த சின்னப் புண் ஒன்று மாதக்கணக்கில் ஆறவே இல்லை.

பிறகு கால் இரண்டும் வீங்கின. முகமும் கொஞ்சம் உப்பியது. வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "உங்க அப்பா இங்க வந்தப்புறம் பூசினாப்பல ஆயிட்டார்ப்பா. நம்ம சாப்பாடு ஒத்துக்குது" என்று சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன்! சதை போட்டிருக்கிறது என்று நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி.

அந்த அம்மாவை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. நைனாவிடம் அவருக்குப் பிரியம் உண்டு. சாயங்காலம் இரண்டு பேரும் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். அடிக்கடி தயிர்சாதம் பிசைந்து கிண்ணத்தில் கொடுத்தனுப்புவார். நைனாவுக்குத் தயிர் ஆகாது. சின்ன வயசிலிருந்தே அதன் புளிப்பு வாடை பிடிக்காது. அதையும் முகம் சுளிக்காமல் விழுங்கிவைப்பார்.

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அத்தை, நைனாவின் தங்கை, கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்கில் கொடுத்தாள். "எங்கண்ணன் வாய் செத்துப் போயிருக்கும்டா. இத்த குடு, நாலு வாய் சேத்து துன்னும்" என்றாள். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். வழியெல்லாம் மணம் வந்தது. வேகவதி ஆற்றுப் பாலத்தில் பைக்கை நிறுத்தி, தூக்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தேன். நைனா நன்றாகச் சாப்பிட்டார் என்று அத்தையிடம் போனில் சொன்னேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சுற்றி வளைத்தது போதும்.

புரட்டாசிச் சனிக்கிழமை. தெரு முழுக்கக் கோவிந்தா சத்தம். எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கடை. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள் துண்டு, அதில் உப்பும் மிளகுத்தூளும். தெருமுனைக்கு அப்பால் லாரிக்காரர்கள் நிற்கும் டீக்கடை ஒன்று உண்டு, அங்கே புரட்டாசியிலும் முட்டை கிடைக்கும். அந்த வீங்கிய காலோடு, கம்பை ஊன்றி, அவ்வளவு தூரம் நடந்து போய் வாங்கி, சட்டைப்பையில் ஒளித்து, மாடிப்படியும் ஏறியிருக்கிறார். கடையிலேயே தின்னாமல் ஏன் கொண்டுவந்தார்? பிறகுதான் புரிந்தது. பல்லில்லாமல் நாலு பேர் எதிரில் மென்று தின்னக் கூச்சம்.

அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்த்ததே இல்லை.

அப்போது படியில் கொலுசுச் சத்தம்போல் பாத்திரச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா சர்க்கரைப் பொங்கலோடு ஏறி வந்துகொண்டிருந்தார். "அப்பா மேலயா இருக்கார்?" என்று குரல் வந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் குறைந்தபட்சம் அவர் வேட்டியால் மறைத்திருப்பேன், வழியில் போய் நின்று தடுத்திருப்பேன். பாய்ந்து போய்ப் பறித்தேன். வாயிலிருந்ததைத் தோண்டினேன். எல்லாவற்றையும் என் பேண்ட் பைக்குள் திணித்தேன். அவருடைய உதட்டோரம் மஞ்சள்கரு ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தேன். அழுத்தியதில் உதடு கன்றியது.

அந்த அம்மா வந்தார். "பெருமாள் பிரசாதம், சாப்பிடுங்கோ" என்று நைனாவின் கையில் பொங்கலை வைத்தார். நைனா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"பாருப்பா, கோவிந்தா கோவிந்தான்னா எப்படி உருகிப்போறார்!" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா" என்றேன். என் பைக்குள் முட்டை நசுங்கி, தொடையில் இளஞ்சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா இறங்கிப் போனதும், நான் கோபப்படுவேன் என்று நினைத்தார் நைனா. குரல் தணிந்து வந்தது. "ரெண்டு வாய்தாம்பா துன்னேன். இனிமே துன்ன மாட்டேன். கோச்சிக்காத."

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, வாயக் கொப்புளி" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு முட்டை என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வரவில்லை.

கால் வீக்கம் முழங்காலைத் தொட்டதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையானவர். நைனாவின் பாதத்தில் பெருவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "இது சதை இல்லைங்க, நீர். உடம்புல புரதம் ரொம்பக் குறைஞ்சாலும் இப்படி நீர் கோத்துக்கும். வயசானவங்களுக்கு நம்மளவிட அதிகமாவே புரதம் வேணும், கம்மியா இல்ல. என்ன சாப்பிடறார்? முட்டை, மீன், பருப்பு எல்லாம் போகுதா?"

அங்கே வீட்டுக்காரம்மா இல்லை. அந்தத் தெருவே இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் உலகத்தில் எனக்கு எங்கே கிடைத்திருக்கும்? ஆனால் பெற்றவனைப் பட்டினி போட்டவன் என்று அந்தப் பெண் என்னை நினைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.

"எல்லாமே சாப்புடுறாரு மேடம். தினம் முட்டை குடுக்குறோம்" என்றேன்.

"அப்படியா தாத்தா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றார். "புள்ள குடுக்குறான். துன்னுக்கினுதான் இருக்கறேன்."

டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது. அவ்வளவு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லை என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்க வேண்டும் என்றார். அவர் மேல் என்ன தப்பு? நான் சொன்னதை நம்பினார். சோதனைகள் தொடங்கின. ரத்தம், சிறுநீர், ஸ்கேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். ஒவ்வொன்றுக்கும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். இல்லாத நோயைத் தேடுவதற்காக அந்தக் காய்ந்த வயிற்றை மேலும் காயப்போட்டேன்... நான்தான், வேறு யாருமில்லை!

சாந்தி ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள். "நைனாவ அத்தை வூட்ல வுடலாங்க. அங்க மீனு துன்னட்டும், கறி துன்னட்டும். இங்க இருந்துக்கினு எதுக்கு வாடணும்?"

"பெத்தவனக் கொண்டுபோய்த் தங்கச்சி வீட்ல தள்ளிட்டான்னு ஊர் பேசும்" என்றேன்.

"ஊரு பேசறத வுடுங்க. மனுசன் தேறுவாரில்ல?"

நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். அவளும் அடுத்த ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

மார்கழிப் பனியில் சளி பிடித்தது. எல்லோருக்கும் பிடித்த சளிதான்; எனக்கு, மகளுக்கு, கீழ்வீட்டு அம்மாவுக்கு. நாங்கள் இருமித் துப்பினோம், சரியாயிற்று. நைனாவுக்கு இருமக்கூட வலு இல்லை. நெஞ்சில் கோழை கட்டிக்கொண்டு கொரகொரவென்று இழுத்தது. அதை வெளியே தள்ள ஓர் உந்து வேண்டுமே, அந்த உந்துக்குச் சதை வேண்டுமே! ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அதே டாக்டரம்மா போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமே இல்லியே..." என்றார். என்னைக் குற்றம் சாட்டவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில் போனார்.

இறுதிக் காரியங்களை ஊரில் வைத்துக்கொண்டோம். கருமாதியன்று எங்கள் பக்கத்துப் பழக்கப்படி அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். அத்தைதான் சமைத்தாள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. விரால் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, ஆட்டுக்கறி. இலையின் ஓரத்தில் உரித்த முட்டைகள், வெள்ளை வெளேரென்று. அத்தை ஒரு முட்டையை நடுவில் பிளந்து, உப்பும் மிளகுத்தூளும் தூவினாள். அவருக்கு எப்படிப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"துன்னு ராசா, துன்னு" என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அந்தப் பாதியை என்னிடம் நீட்டினாள். "நீ துன்னாதான்டா உங்க நைனா துன்ன மாதிரி. வாயத் தொற."

வாயைத் திறந்தேன். அத்தையின் விரல் என் உதட்டில் பட்டது. எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

இத்தோடு திருந்திவிட்டேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? கேளுங்கள். சாயங்காலம் புறப்படும் முன் கிணற்றடியில் சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவினேன். வாயைக் கொப்புளித்தேன். வழிக்கடையில் ஏலக்காய் வாங்கி மென்றேன். தெருமுனையில் பைக்கை நிறுத்தி விரல்களை மோந்து பார்த்துக்கொண்டேன். பெற்றவனுக்குப் படைத்த கையை!

வீட்டுக்காரம்மா கேட்டருகே நின்றிருந்தார். பக்கத்தில் நைனா உட்காரும் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன; நிஜமாகவே அழுதிருந்தார்.

"எல்லாம் நல்லபடியா ஆச்சாப்பா?"

"ஆச்சும்மா."

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வர அமாவாசைக்கு என் கையால ஏதாவது செஞ்சு அவர் பேரைச் சொல்லிக் காக்காவுக்கு வைக்கணும்னு ஆசை. அவருக்கு ரொம்பப் பிடிச்சது எதுப்பா? எதுவா இருந்தாலும் சொல்லு, தயங்காத."

எதுவா இருந்தாலும் என்றார். தயங்காதே என்றார். தெரிந்துதான் கேட்டாரா? முதல் நாளிலேயே தெரியுமா? தெரியாது. இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தார்!

"தயிர்சாதம்மா" என்றேன்.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த அம்மா குளித்துவிட்டு, பச்சைமிளகாய் தாளித்த தயிர்சாதத்தை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் கையில் தருகிறார். மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மதிலில் வைத்துவிட்டு, "நைனா, வா, சாப்புடு" என்று கூப்பிடுகிறேன். காகம் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறது.